பச்சைக்கு வந்த ஊசி

குளிர்காயும் கணப்பின் சூட்டை அளக்க வேண்டிய வெப்பமானி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை தந்த கிறிஸ்துமஸ் பரிசு அது. பின்னால் காந்தம் இருந்ததால், சிறுமி எய்ரின் வரைந்த கலைமான் படத்தைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"நெருப்பு எரிக்க எனக்கு மீட்டரா? நல்லா இருக்கே கதை!" என்று அப்பா ஓஸ்முன்ட் அன்றைக்கே சிரித்துவிட்டார்.

பனி கொட்டும் ரோரோஸ் ஊரில் ஓர் ஆளை எடைபோடுவதே அவர் சுவரோரம் அடுக்கிய விறகைப் பார்த்துத்தான். அப்பாவின் அடுக்கு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் அவருக்கு உண்டு. சுவருக்குள் பதித்த இரும்புக் கணப்பில் இரவு ஒரு தடவை விறகு போட்டால், விடியும்வரை அணையாது. அதற்காகக் காற்று வரும் வழியை அடியோடு மூடிவிடுவார். கட்டைகள் எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். கணப்பின் கண்ணாடிக் கதவு கரியாகிப் பல நாள் ஆயிற்று.

ஒரு நாள், புகைபோக்கியைச் சுத்தம் செய்து சோதிக்க நகராட்சியிலிருந்து வந்த குன்வோர், கூரையிலிருந்து இறங்கியபோது சிரிக்கவில்லை.

"உள்ள முழுக்கப் புகை படிஞ்சு தார், ஓஸ்முன்ட்! பத்திக்கிச்சுன்னா வீடே போயிரும். இப்பச் சுரண்டி எடுத்துட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை திரும்ப வந்து பாப்பேன். மறுபடியும் தார் பிடிச்சிருந்தா, கணப்பைப் பூட்டிருவேன்."

எய்ரின் நாட்காட்டியைப் பார்த்தாள். சனிக்கிழமை அவளுடைய பிறந்தநாள். வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அழைத்தாகிவிட்டது. வெளியே மூக்கு விறைக்கும் குளிர். கணப்பைப் பூட்டினால் கொண்டாட்டம் எங்கே?

அவள் நேரே போய் வெப்பமானியைப் பிடுங்கினாள். கலைமான் தரையில் விழுந்தது.

"அப்பா, இதுல நீலம்னா சூடு பத்தல, தார் பிடிக்கும். பச்சைதான் சரி. சிவப்புன்னா ஆபத்து. ஒரு தடவை வச்சுத்தான் பாப்போமே!"

"சரி சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன்!" அப்பா அதை வாங்கிக் கணப்பின் மேல்விளிம்பில் ஒட்டினார். அறைக் காற்றை இழுத்துக் கணப்பைச் சுற்றி ஊதும் விசிறியின் வாய் அங்கேதான் இருந்தது.

ஊசி நீலத்தில் கிடந்தது. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. காற்று வழியை முழுக்கத் திறந்தார். விறகைத் திணித்தார். நெருப்பு உறுமியது. ஊசி அப்போதும் நீலத்தைவிட்டு நகரவில்லை.

"என்னையே ஏமாத்துறியா? இந்தா, இன்னொன்னு!" அப்பா அடுத்த கட்டையைத் தூக்கினார்.

எய்ரின் மூக்கைச் சுளித்தாள். பெயின்ட் கருகும் வாசனை. கதவோரத்து இரும்பு மங்கலாகச் சிவந்திருந்தது.

"வேணாம்பா! போடாதீங்க!" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி நீலத்துலதானே இருக்கு?"

"ஊசி பொய் சொல்லுது! இரும்பைப் பாருங்க!"

அப்பா பார்த்தார். கட்டை அவர் கையிலிருந்து நழுவியது. கணப்பின் கதவைத் திறக்கப் பாய்ந்தார்.

"ஐயோ, திறந்தா இன்னும் காத்துப் போகும்பா!" எய்ரின் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு காற்று வழியை முக்கால்வாசி மூடினாள். பிறகு ஊசியின் பக்கம் கையை நீட்டினாள். விசிறிக் காற்று நேராக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"சூப்பை ஊதி ஊதி ஆற வைக்கிற மாதிரி, விசிறி இதை ஆற வைக்குதுப்பா. இடம் தப்பு!"

வெப்பமானியைக் கழற்றி, காற்று படாத கதவுச் சட்டத்தில் ஒட்டினாள். ஊசி மெல்ல நகர்ந்தது. நீலத்தைத் தாண்டி, பச்சையைத் தாண்டி, சிவப்புக்குள் போய் நின்றது. அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

இருவரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். இரும்பின் சிவப்பு மங்கியது. வெகுநேரம் கழித்து, ஊசி பச்சைக்கு இறங்கியது.

"அப்பாடா!" என்றார் அப்பா. "சரிங்க மேடம். இனிமே நான் என்ன செய்யணும்?"

"கட்டையைச் சின்னதாப் பிளந்து குடுங்க. போதும்."

அந்த வாரம் முழுக்கக் கணப்பு எய்ரின் சொன்னபடி கேட்டது, அப்பாவும்தான். காய்ந்த விறகு கொஞ்சம் கொஞ்சமாக, காற்று வேண்டிய அளவு. கண்ணாடியில் படிந்த கரி தானாகவே எரிந்து, உள்ளே தீ ஆடுவது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை குன்வோர் கூரையேறினார். எய்ரின் பனியில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓஸ்முன்ட்!" மேலிருந்து குரல் வந்தது. "ஒரு பிடி தூசிதான்யா இருக்கு! என்ன மாயம் செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யல!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் அப்பா. "இந்த வீட்ல நெருப்பு என் பொண்ணு பொறுப்பு! நான் விறகு வெட்டுற ஆளு!"

எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. எய்ரின் துள்ளிக் குதித்த குதியில் பனி முழங்கால்வரை தெறித்தது.

மறுநாள் வெளியே குளிர் கொன்றது. உள்ளே பிள்ளைகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கேக் தின்றார்கள். அவர்களுடைய கம்பளிச் சட்டைகள் எல்லாம் மூலையில் மலைபோல் குவிந்து கிடந்தன.