மாசி ஏழில் நின்ற கலண்டர்

மடு மாதாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் தலைமன்னாரின் பழைய இறங்குதுறை கடலுக்குள் விழட்டும். பாதி ஏற்கெனவே விழுந்துவிட்டது. அது வேறு ஆட்கள் சொன்ன பொய்களால்.

வெள்ளிக்கிழமை, காலை 6.10. தலைமன்னாரில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஓர் ஓட்டு வீடு. அங்கே எடுக்கும் படத்தின் இயக்குநர் றொசாந்தன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய திறப்பால் நடு அறையின் ஆமைப்பூட்டைத் திறந்தார். கதவை வெளியே இழுத்தார். சுவரைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"இண்டைக்கும் போயிட்டுது."

போனது நாட்கலண்டரின் ஒரு தாள். புதன் காலை மாசி ஏழு காணாமற் போனது. "சரி, எட்டில நிக்கட்டும்" என்றார். வியாழன் காலை எட்டும் போனது. இப்போது ஒன்பது. யன்னலுக்கு இரும்புக் கம்பி, கதவுக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரேயொரு திறப்பு. அந்தத் திறப்போடுதான் அவர் விடுதியில் படுக்கிறார்.

ஒரு தாளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கக்கூடாது. படத்தின் உயிரே அந்தக் கலண்டர்தான்.

ஆறு வருடங்களுக்கு முன், மாசி ஏழாம் திகதி (எங்களுக்குப் பெப்ரவரிதான் மாசி, மார்ச்தான் பங்குனி), ஜெஸ்லியா என்ற பெண் இதே அறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டாள். வயது இருபத்துமூன்று. என்ன காரணம் என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்ல அவளிடம் காரணம் இருக்கவில்லை, அவளைப் பிடித்த நோயே அதுதான். தாய் றெபேக்கா பகலில் கருவாடு காயவைக்கும் வாடிக்கு வேலைக்குப் போன பிறகு வெளியே வருவாள், வாசலில் மூடிவைத்த சோற்றில் இரண்டு வாய் தின்பாள், திரும்பக் கொண்டி போடுவாள். நாற்பதாம் நாள் தலையை உயர்த்திக் கலண்டரைப் பார்த்தாள். சூசையப்பர் திருநாள். எழும்பி முழுகினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தெடுத்தாள், இன்றும் எடுக்கிறாள். அதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினாள். அதில் எல்லோருக்கும் மனப்பாடமான வரி ஒன்று உண்டு: "நாற்பது நாள் ஒருவரும் என்னிடம் வரவில்லை. கலண்டரும் மாசி ஏழிலேயே நின்றது."

புத்தகம் வந்த பிறகு கோயில் வாசலில் ஒருவரும் றெபேக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். இனி அந்த வரி படமாக வரப்போகிறது. படம் ஊர் ஊராகப் போகும்.

அந்த வருடத்துக் கலண்டர் எருக்கலம்பிட்டியில் அபூசாலி கடையில் மட்டும் கிடைத்தது, ஒன்றே ஒன்று. அபூசாலி எதையும் எறியமாட்டார். இந்தியாக் கப்பலுக்கான ரிக்கற் இன்னமும் அவரிடம் வாங்கலாம். கப்பல்தான் இல்லை.

"பொலிசுக்குச் சொல்லுவமே?" என்றார் றொசாந்தன்.

"என்னெண்டு சொல்லுவீங்கள் அண்ணா? மூண்டு நாளைக் காணேல்ல எண்டோ?"

கேட்டவள் நஸ்லியா, படத்தின் ஒலிப்பதிவாளர். எருக்கலம்பிட்டிப் பெண். உலகத்தைக் காதால் பார்ப்பவள். பேசாலையில் மீன் பொரித்தால் அது பாரையா சீலாவா என்று மன்னாரிலிருந்து சொல்லுவாள். நான் இரண்டுதரம் சோதித்தேன். வேலை தொடங்கிய அன்றே வீட்டில் சத்தம் போடும் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவிட்டாள். முன்கதவு: கிழவன் இருமல். குசினிக் கதவு: கழுதை. அந்த உப்புக் காற்றில் கதவை நிலையோடு சேர்க்கும் ஒரு பிணைச்சலும் துருவுக்குத் தப்பாது. நடு அறைக் கதவுக்கு நேரே மட்டும் "நல்ல பிள்ளை" என்று எழுதியிருந்தாள். காற்றைப் பற்றி எழுதவில்லை. அன்று அடித்த காற்றில் ஒரு காகம் பின்பக்கமாகப் பறந்து இராமேஸ்வரத்தில் இறங்கியது.

"எனக்கு ரெண்டு மணித்தியாலம் தாங்கோ" என்றாள்.

6.40. ஜெஸ்லியாவாக நடிக்கும் வேணுஜா நடு அறைக் கட்டிலில் கிடந்தாள். புறங்கையில் ஓர் ஈ. துரத்தவில்லை.

"தாளை எடுத்தது நீங்களோ?" என்றாள் நஸ்லியா.

"நானேன் எடுக்கிறன்? அண்ணா அழு எண்டுறார். ஜெஸ்லியா அக்கா அழாதை எண்டுறா. கலண்டரோட எனக்கென்ன கோவம்?"

"அக்கா வேறென்ன சொன்னவ?"

"தான் அழேல்லையாம். கையில ஈ இருக்கிறது தெரியுமாம், துரத்தோணும் எண்டும் தெரியுமாம். கையைத் தூக்கத்தான் ஏலாதாம். அதைத்தான் பழகுறன். இந்த ஈயும் நேற்றையில இருந்து என்னோடதான் நிக்குது."

அந்த ஈ பிறகு மூன்று காட்சியில் நடித்தது. ஒருதரமும் பிழை விடவில்லை.

7.05. ஜெஸ்லியா முற்றத்தில் நின்றாள். வந்து மூன்று நாளாகியும் அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

"அக்கா, படத்தை நிப்பாட்ட விருப்பமோ?"

"விருப்பமெண்டா வாயால சொல்லுவன். களவெடுக்க மாட்டன்."

"கலண்டர் அப்ப எங்க தொங்கினது?"

"இதே ஆணிதான். கதவுக்குப் பக்கத்தில."

"நீங்கள் எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தனீங்கள்?"

"மற்றச் சுவர்ப் பக்கம்."

"கொண்டி?"

"ஒவ்வொரு நாளும் போட்டனான். போட்டாத்தான் கொஞ்சமெண்டாலும் நித்திரை வரும்."

7.30. றெபேக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கக்கத்தில் செபப்புத்தகம். ஒரு செங்கல் தடிமன், நூலால் கட்டியிருந்தது.

"எத்தினை மணிக்கு எழும்புவீங்கள் அன்ரி?"

"நாலரைக்கு. பூசைக்குப் போக."

"பூசை ஆறரைக்கெல்லோ?"

"ஓம் பிள்ளை. பழகிப்போச்சு."

"வீட்டில தையல் மெசின் இருக்கோ?"

"அது வித்து எட்டு வருசம்."

"அலுமாரிக்கு மேல மெசின் எண்ணெய்ப் போத்தல் இருக்கே. புதுப் போத்தல்."

றெபேக்கா கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். "குடியுங்கோ பிள்ளை, ஆறுது."

8.10. நஸ்லியா நடு அறைக் கதவைத் திரும்பப் பூட்டுவித்து, நான்கு பேரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள். ஒரு கழுதையும் வந்து முற்றத்தில் நின்றது. 'கட்' என்று யாரும் சொன்னால் மட்டும் கத்தும் கழுதை அது. இப்போது சத்தம் போடவில்லை.

"அக்கா, உங்கட வரியைச் சொல்லுங்கோ."

ஜெஸ்லியா சொன்னாள். கலண்டரும் மாசி ஏழிலேயே நின்றது.

"நாப்பதாம் நாள் சூசையப்பர் திருநாள் எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

"கலண்டரைப் பாத்துத்தான்."

"சூசையப்பர் திருநாள் பங்குனி பத்தொன்பது. மாசி ஏழில நிண்ட கலண்டர் அதை எப்பிடிக் காட்டினது?"

எழுதியவளும் கவனிக்கவில்லை, வாசித்தவர்களும் கவனிக்கவில்லை, ஆறுதரம் திரைக்கதை எழுதிய றொசாந்தனும் கவனிக்கவில்லை.

"நீங்கள் பொய் எழுதேல்ல அக்கா. சுவரைப் பாத்துக் கிடந்தவவுக்கு நாள் நிண்டுதான் போகும். ஆனா ஆரோ நாப்பது நாளும் உள்ள வந்து தாள் கிழிச்சிருக்கினம்."

"நான் கொண்டி போட்டனான்."

"கொண்டி ஒரு பக்கந்தானே அக்கா."

நஸ்லியா கதவின் பூட்டில்லாத பக்கம் போனாள். கதவு வெளியே திறப்பது. பிணைச்சல்கள் கூடத்துப் பக்கம். மேல் பிணைச்சலின் ஆணியை இரண்டு விரலால் பிடித்து உருவினாள். தலைமயிரில் இருந்து கொண்டையூசி வருவதுபோல் வந்தது. கீழ் ஆணியும் வந்தது. பூட்டைத் தொடாமலே கதவு அந்தப் பக்கத்தால் விலகியது, ஒரு மெலிந்த ஆள் நுழையுமளவுக்கு. சத்தமே இல்லை.

"இந்த வீட்டில எல்லாக் கதவும் கத்துது. இது மட்டும் நல்ல பிள்ளை. ஆறு வருசமா ஆரோ எண்ணெய் விட்டுக்கொண்டு வருகினம், திரும்பவும் தேவைப்பட்டா எண்டு." அவள் குரல் தணிந்தது. "அன்ரி, மூண்டு தாளும் அந்தப் புத்தகத்துக்குள்ளதானே இருக்குது?"

றெபேக்கா நூலை அவிழ்த்தாள். அவிழ்க்க நேரம் எடுத்தது.

"ஒருத்தரும் வரேல்ல எண்டு படத்திலயும் காட்டப்போறாங்கள்" என்றாள். "கலண்டர் அப்பிடியே நிக்கிறதைப் பாக்க என்னால ஏலாமப் போச்சு. கை தன்பாட்டில கிழிச்சுப்போட்டுது."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"கொண்டி போட்டாத்தானே உனக்கு நித்திரை வந்தது. நான் வாறது தெரிஞ்சா அதுவும் போயிடும். விடியப்புறம் வந்து மூச்சு வருதோ எண்டு பாப்பன். சும்மா வந்திட்டுப் போக மனமில்லை. ஒரு தாளைக் கிழிச்சுக்கொண்டு போவன்."

"புத்தகம் வந்த பிறகாவது?"

"பிறகு சொல்லி என்ன? திரும்ப ஒருக்கா நீ கொண்டி போட்டா, எனக்கு வேற வழி தெரியாது மகள்."

புத்தகத்துக்குள் புது வெள்ளைத் தாள் மூன்று. அவற்றின் கீழ் பழுத்த தாள் நாற்பது. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒரு வரி. ஜெஸ்லியா நிலத்தில் குந்தி ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

மாசி 9: வாசலில் வைத்த தண்ணி அப்படியே இருக்கு.

மாசி 20: போர்வை விலகிக் கிடந்தது. மூடிவிட்டன்.

பங்குனி 3: அரைக் கோப்பை தேத்தண்ணி குடிச்சிருக்கிறாள்.

பங்குனி 18: கதவுப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

ஜெஸ்லியா அந்தக் கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டே எழும்பினாள். விலகியிருந்த கதவின் இடுக்கால், பிணைச்சல் பக்கத்தால், அறைக்குள் போனாள். ஆறு வருடங்களுக்குப் பிறகு முதல்தரம். கட்டிலில் அமர்ந்து கதவைப் பார்த்தாள்.

"றொசாந்தன் அண்ணா, அந்த வரியை வெட்டுங்கோ."

"வெட்டினா முடிவுக்கு என்ன செய்யிறது?"

"வேணுஜா சுவரைப் பாத்துக் கிடக்கட்டும். அழ வேண்டாம். அவவுக்குப் பின்னால ஒரு கை வந்து தாளைக் கிழிக்கட்டும். அவவுக்குத் தெரியக்கூடாது. பாக்கிறவைக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"ஆற்ற கை?"

எல்லோரும் றெபேக்காவைப் பார்த்தார்கள். அவள் கையைச் சீலையில் துடைத்தாள். "மீன் மணக்குமே" என்றாள்.

"படத்தில மணக்காது அன்ரி" என்றாள் நஸ்லியா.

10.30. ஒரே தரத்தில் எடுத்தார்கள். தாள் கிழியும் சத்தம் மட்டும். றொசாந்தன் 'கட்' என்று சொல்ல மறந்துவிட்டார், கழுதைகூடக் கத்தவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஜெஸ்லியா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பார்க்க விரும்பியவர்கள் பார்க்கட்டும் என்று.

போன மாதம் நானும் அந்த வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். அந்த நடு அறைக்குக் கதவே இல்லை. வீடு கட்டிய நாள் தொட்டு ஒரு பூப்போட்ட சீலைதான் தொங்குகிறது, நிலையில் பிணைச்சல் அடித்த துளைகூடக் கிடையாது. வரும் வழியில் இறங்குதுறையின் மிச்சப் பாதி விழாமல் நிற்கிறதா என்று போய்ப் பார்த்துக்கொண்டேன்.