வெறுங்குழாய் வெடிக்காது

டமார்!

நோவோசிபிர்ஸ்க் ஆய்வுக்கூடத்தின் இரும்புக் குழாய் பிளந்தது. புகை அடங்கியபோது, குழாயின் கோடியில் நின்றிருந்த இளம் ஆய்வாளன் கிளெப்புக்கு முகமே இல்லை!

பேராசிரியர் வெனியமின் போலீஸ் வருமுன்பே சிதறலை அள்ளிக் கொட்டியிருந்தார்.

"வாயுவைத் தப்பாக் கலந்துட்டான். விபத்து!"

ரயீசா நம்பவில்லை. கிளெப் அவளுடைய காதலன். தவிர, குழாய்க்குள் சுடர் எப்படி ஓடும், எங்கே நெளியும், எப்போது வெறிபிடித்து வெடியாகும் என்று கணக்குப் போடுவதே அவள் வேலை.

போட்டாள். போலீஸ் கேப்டன் ஜூதவைப் புதுக் குழாய் முன்னால் நிறுத்தினாள். பேராசிரியரும் வந்தார்.

"அந்த வாயுவை எப்படிக் கலந்தாலும், வெறுங்குழாய்ல சுடர் கொஞ்சம் நெளியும், அணையும். அவ்வளவுதான் கேப்டன். உள்ளே ஏதோ ஒண்ணு அதைக் கிளப்பி விட்டிருக்கு."

"கணக்கை வெச்சுக் கைது பண்ண முடியாதும்மா..."

பேராசிரியர் சிரித்தார். "பாவம் ரயீசா. துக்கத்துல புத்தி பேதலிச்சிருக்கு."

"அப்போ கிளெப் நின்ன இடத்துல நில்லுங்க, வெனியமின் இக்னாத்யெவிச். அதே வாயு உள்ளே இருக்கு. நீங்க வெச்சதையும் திரும்ப வெச்சிட்டேன்."

அவள் கட்டைவிரல் பொத்தானைத் தொட்டது.

பேராசிரியர் முகம் வெளுத்தது.

"ஐயோ... அழுத்தாதே! அந்தக் கம்பிச் சுருளை வெளிய எடு!"

ஜூதவ் திரும்பினார். "எந்தக் கம்பிச் சுருள்?"



அடுத்த கணம் பேராசிரியர் கையில் ஸ்பேனர்!

மடக்! கேப்டனின் தாடையில் விழுந்தது அடி. சுருண்டு விழுந்தார். அடுத்த அடி ரயீசாவின் தோளில்; தரையில் சாய்ந்தாள். ஸ்பேனரை எறிந்துவிட்டு அவள் கழுத்தை நெரித்தார்.

"என் சூத்திரமே தப்புன்னு ஊரறியச் சொல்லப் போறேன்னான்! விடுவேனா? உன்னையும்..."

கண் இருட்டியது. தரையில் துழாவிய அவள் கையில் ஸ்பேனர் தட்டுப்பட்டது. ஓங்கி அவர் முழங்காலில் இறக்கினாள்.

எலும்பு நொறுங்கியது! அலறியபடி உருண்டவர், கிளெப் செத்த இடத்திலேயே போய் விழுந்தார்.

ரயீசா தவழ்ந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள்!

"அம்மாஆஆ!"

குழாயின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நீலச் சுடர் சோம்பலாய் நகர்ந்தது. நெளிந்தது. பொசுக்கென்று அணைந்தது.

ஜூதவ் எழுந்து, ஒரு பல்லைத் துப்பிவிட்டுப் பேராசிரியருக்கு விலங்கை மாட்டினார். "சுருள் எங்கேம்மா?"

"நான் எதையுமே வெக்கலை. சுருள்னே இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"அப்போ கணக்கு...?"

"கணக்கு சரிதான் கேப்டன். வெறுங்குழாய் வெடிக்கலை..." ரயீசா உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். "இவர்தான் வெடிச்சிட்டார்!"