வெறும் வயிறும் மூன்று ஞாயிறும்

“ஒம்பதாவதோட நின்ன பொண்ணு நீ... ஒரு விஷயத்தை நாலு பேருக்குப் புரியுற மாதிரி சொல்ல வருமா உனக்கு?”

வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் குர்ஷித் பேகம் கேட்ட கேள்வி அது. அறிவுச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் திண்டுக்கல்லுக்கு வருவார். அன்று ஸ்கேன் சென்டருக்கு விடுமுறை. அந்தப் பெரிய காந்த மிஷின் முழுக்க அவருடைய ஆராய்ச்சிக்கு. பட்டினி கிடந்தால் இதயம் கொழுப்பை அதிகமாக எரித்து ஓடுமாம். சாப்பிட்டால் சர்க்கரைப் பக்கம் சாயுமாம். அப்போது அதன் சக்தி எப்படிக் கூடிக் குறைகிறது என்று, கத்தி வைக்காமல் காந்தத்தாலேயே பார்க்கிற ஆராய்ச்சி. வெறும் வயிற்றில் ஒரு ஸ்கேன், குளுக்கோஸ் குடித்தபின் ஒன்று. வருகிறவர்களுக்கு இதை விளக்கி, ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வரவைப்பதுதான் அவள் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டபின் அவளை யாராவது ‘மேடம்’ என்று கூப்பிட்டது அந்த நாற்காலியில்தான்.

அவனைப் பார்த்ததே சண்டையில்... 2006 ஐப்பசி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சென்டரின் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவன், சட்டைப் பையில் ஸ்பேனரோடு, காந்த அறைக்குள் வேடிக்கை பார்க்க நுழையப் போனான். ஓடிப்போய்க் காலரைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது.

“அந்த ஸ்பேனர் பறந்து போயி மிஷின்ல ஒட்டிக்கிரும். நடுவுல நீங்க இருந்தா என்னாகிறது?”

“மோட்டாருக்குக் காயில் கட்டுற எனக்கே காந்தத்தைச் சொல்லிக் குடுக்குறீங்களா?”

நனைந்த இமைகள்... அவற்றுக்குக் கீழே சிரிக்கிற கண்கள். ‘திமிரு’ என்று நினைத்தாள். ஆனால் காலரிலிருந்து கையை எடுக்கத்தான் மறந்துவிட்டாள்.

ரெட்டியார்சத்திரத்துக்காரன், பெயர் சோலைமலை. தன் இதயம் எதில் ஓடுகிறது என்று தானும் பார்க்க வேண்டுமென்று ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தான்.

முதல் ஞாயிறு, விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை ஏறிக் கிடந்தது. டீ குடித்தேன், டீயெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியா என்றான் அவளிடம். கடவுளே... டீ, காபி, பால், பழம், மிட்டாய், எதுவும் ஆகாது, தண்ணீர் மட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, அவனையும் திருப்பிச் சொல்ல வைத்து அனுப்பினாள்.

இரண்டாம் ஞாயிறும் சர்க்கரை ஏறியிருந்தது.

“எங்க அம்மா இதைப் பழனிக்கு இருக்குற விரதம்னு ஆக்கிப்புடுச்சுங்க. விரதம்னா பாலும் பழமும் உண்டுல்ல?”

“இது முருகனுக்கு இல்லீங்க. மிஷினுக்கு.”

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு ஞாயிறு வீண், தப்பு வந்தவர் மேல் இல்லை, சொன்னவள் மேல்தான் என்று அவன் முன்னாலேயே சொன்னார். அடுத்த வாரமும் இப்படியென்றால் அவள் வர வேண்டாம், மதுரையிலிருந்து ஒரு நர்ஸை அழைத்து வந்துகொள்கிறேன் என்றார். சோலைமலையின் முகம் கறுத்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு, உதடு காய்ந்து வந்து நின்றான். சர்க்கரை எண்பத்திரண்டு. மிஷினுக்குள் அசையாமல் படுத்திருந்தான். குளுக்கோஸ் குடித்துவிட்டு மறுபடியும் போய் அப்படியே படுத்தான். திரையில் கோடுகள் ஏறி இறங்கின. டாக்டரின் முகம் தெளிந்தது.

“இன்னைக்குத்தான் ஒழுங்காச் சொல்லி அனுப்பிருக்க.”

அவள் குனிந்துகொண்டாள். கண் கரித்தது.

“அவுங்க மூணு தடவையும் ஒழுங்காத்தான் சொன்னாங்க டாக்டர்,” என்றான் சோலைமலை. “டீ குடிச்சது என் புத்தி. போன வாரம்... எங்க அம்மா பாலும் குடுக்கல, பழமும் குடுக்கல. நானே பஸ் ஸ்டாண்டுல பழம் வாங்கித் தின்னுட்டு வந்தேன்.”

“ஏன்?” என்றார் டாக்டர்.

“ஒழுங்கா முடிஞ்சா, அம்புட்டுதான், போயிட்டு வாங்கன்னு சொல்லிருவாங்க. எனக்கு இன்னொரு ஞாயித்துக்கிழமை வேண்டியிருந்துச்சு...”

அறிவுச்செல்விக்கு அப்படியொரு கோபம் வந்தது. அத்தனை நாள் வராத குரலும் கூடவே வந்தது.

“உங்க பழத்துக்கு என் வேலை போயிருக்கும். தெரியுமா?”

“டாக்டர் திட்டுனப்பத்தான் தெரிஞ்சுச்சு. அப்பவே சொல்லிருக்கணும். வாய் வரல.”

“பாக்கணும்னா வாசல்ல வந்து கேக்க வேண்டியதுதானே? நான் ராத்திரி பூரா உக்காந்து, எந்த வார்த்தையைத் தப்பாச் சொன்னோம்னு யோசிச்சேங்க.”

“கேட்டிருந்தா பேசியிருப்பீங்களா?”

என்ன மனுஷன் இவன்...

“எல்லாருக்கும் சனிக்கிழமை ஞாபகப்படுத்த ஒரு தடவைதான் போன் பண்ணுவேன். உங்களுக்கு நாலு தடவை பண்ணுனேன். மோட்டாருக்குக் காயில் கட்டுறீங்களே, இது கூடவா புரியல?”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கண்கள் மெல்ல மெல்ல அகலமாயின.

பக்கத்தில் டாக்டர் இன்னும் நிற்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

குர்ஷித் பேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பையிலிருந்து, அடுத்த மாதம் அவள் போன் பண்ண வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து அறிவுச்செல்வியின் முன்னால் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.