மப்ரூகா தலையாட்டினாள்

ஈரம் உறிஞ்சும் டப்பாவுக்குள் மேசைமேல் கிடந்தது மப்ரூகாவின் கருவி. அது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு உலகம் கேட்கும். கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அப்படியிருந்தும் சமையலறைப் பக்கம் யாரோ பேசுவது கேட்டது.

அலெக்ஸாந்திரியாவில் குளிர்காலப் புயல் அடித்துக்கொண்டிருந்தது. மதியமே இருட்டி, மின்சாரமும் போய், ஈரச் சுண்ணாம்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் கலந்த வாடை அறை முழுக்க நின்றது. கணவன் குவைத்தில். குழந்தை ஷாதி தொட்டிலில் தூங்கினான். மாமியார் ஃபிக்ரிய்யா மேல்வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது வழக்கமான மிரட்டலை மட்டும் உதடு தெரிய, நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"ஒரே ஒரு தடவை புள்ள அழுது உனக்குக் கேக்காம போகட்டும். அன்னிக்கே எங்க ஊர் தான்தாவுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். செவிட்டுக் கையில வளர வேண்டாம் என் பேரன்."

மண்டையைத் துளைத்துக் கருவி வைத்த அன்று, இனி இவளும் மனுஷிதான் என்று தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார்கள். அதோடு முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் காசு கொட்டி மிஷின் வாங்கியாயிற்றே. புரியவில்லை என்றால் ஒரு முறை திருப்பிச் சொல்வார்கள், இன்னொரு முறை கத்துவார்கள், பிறகு "ஒண்ணுமில்ல, விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த "விடு"வைவிட அவமானம் வேறில்லை. அதனால் யார் எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டிவிடப் பழகியிருந்தாள்.

எழுந்து போய்ப் பார்த்தாள். சமையலறை ஜன்னல், கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விட்டிருந்த குழியைப் பார்த்துத் திறந்திருந்தது. கீழே அடி தெரியாத கருப்பு. ஊறிப்போன புறா எச்சத்தின் நெடி. குரல் அங்கிருந்துதான் வந்தது. சொல் எதுவும் பிடிபடவில்லை. எதையோ கேட்கிறது என்பது மட்டும் இழுப்பில் தெரிந்தது. மறுபடி கேட்டது. அப்புறம் பொறுமையில்லாமல், எல்லோரையும் போல, சத்தமாக.

மப்ரூகா சிரித்துத் தலையாட்டினாள்.

குரல் நின்றது. அப்போதுதான் காதைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் காதோடு நிற்கிறாள். எதற்குச் சரி சொன்னாள்?

ஓடிவந்தாள். ஷாதி விழித்திருந்தான். வாய் அகலத் திறந்திருந்தது, கன்னமெல்லாம் கண்ணீர். கருவியை எடுத்து மாட்டினாள். கண்ணாடியில் மழை கேட்டது. கீழே இரும்புக் கதவு அடித்துக்கொள்வது கேட்டது. தன் மூச்சும் கேட்டது.

குழந்தையிடமிருந்து மட்டும் எதுவும் கேட்கவில்லை.

வாரி எடுத்து அவன் வாயருகே காதை வைத்தாள். சூடான காற்று மட்டும் வந்தது. அழுகை சமையலறையிலிருந்து வந்தது. குழிக்குள்ளிருந்து. அவன் அழுகைதான், நடுவில் வரும் அந்தச் சின்ன விக்கல்கூட அப்படியே.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஃபிக்ரிய்யா வந்தாள். இருட்டில் இவளையும் பார்க்கவில்லை, இவள் கையிலிருந்தவனையும் பார்க்கவில்லை. காது கேட்பவர்கள் காதைத்தான் நம்புவார்கள்.

"பாவி, மேல்வீடு வரைக்கும் கேக்குது. உனக்குக் கேக்கலையா? இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்."

நேரே சமையலறைக்குப் போய் ஜன்னலில் குனிந்தாள்.

"அத்தை, புள்ள இங்க இருக்கான்."

அவள் திரும்பவில்லை. குழி மறுபடி கேட்டது. இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. மப்ரூகாவிடம் இவ்வளவு பொறுமையாக யாரும் பேசியதில்லை.

"இவளோடதையும் எடுத்துக்கட்டுமா?"

பழக்கமோ, இத்தனை வருடக் கசப்போ, அவளுக்கே தெரியாது. தலை ஆடிவிட்டது.

ஃபிக்ரிய்யா திரும்பினாள். இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்திருந்தாள். வாய் திறந்தது, மூடியது, திறந்தது. சத்தமில்லை. மப்ரூகாவின் மார்பில் குழந்தையும் அதேபோல் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

குழிக்குள்ளிருந்து ஃபிக்ரிய்யாவின் குரல் தாலாட்டுப் பாடியது. ஷாதியின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, அங்கேயே, அந்தக் குரலோடு தூங்கிப்போனது.