எடுத்த இடத்தில் ஓர் எலுமிச்சை

போன் அலறியபோது சப்-இன்ஸ்பெக்டர் ஷோபனா அம்மாவுக்கு யானை காட்டிக்கொண்டிருந்தாள்.

டேப்லெட்டில்!

மூளைப் பயிற்சியாம். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மணி அடிக்கும். மூன்று மாதமாக அந்த வீட்டில் மணி அடித்த பாடில்லை.

“இது இன்னாம்மா?”

வேதநாயகி உற்றுப் பார்த்தாள். “எருமை.”

“சரி... நான் யாரு?”

“யாரோ போலீஸ்காரம்மா.”

“உன் பொண்ணும்மா.”

“எனக்கு ஏது பொண்ணு? பொறந்தது ஒண்ணு. அதுவும் தங்கல.”

தினமும் கேட்கிற பதில்தான். தினமும் புதிதாக வலித்தது. செஞ்சி பஜாரில் ரவுடிகளை ஓட ஓட விரட்டுகிறவளுக்கு இந்தப் பாழாய்ப்போன மறதியை என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை.

போனை எடுத்தாள். மறுமுனையில் டாக்டர் பாலமுரளி. முதியோருக்கு அந்தப் பயிற்சியை நடத்துகிறவர்.

“மேடம்... இங்க திருட்டு போயிடுச்சு!”

“பணமா டாக்டர்?”

“எச்சில்!”

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மாடிக் கட்டடம். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை. டாக்டர் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார்.

“எல்லாருக்கும் ஒரே பயிற்சிதான் மேடம். சிலருக்கு ஞாபகம் தேறுது, சிலருக்குத் தேறல. மரபணு வித்தியாசமும் ஒரு காரணமா இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் எச்சில் வாங்கி வச்சோம். நாளைக்கு சென்னை லேபுக்குப் போகணும். ரெண்டு குப்பியைக் காணோம்.”

“யாரோடது?”

“ஒண்ணு உங்கம்மாவோடது.” தயங்கினார். “இன்னொண்ணு... உங்களோடது.”



அவளாகவே கேட்டுத் துப்பிக் கொடுத்தது அது. அம்மாவின் மரபணுவில் என்ன கோளாறு, அதில் எது தனக்கு வந்திருக்கிறது... தெரிந்தால் அம்மாவுக்கு ஏற்ற பயிற்சி ஏதாவது கிடைக்காதா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அம்மா “ஷோபனா” என்று கூப்பிட மாட்டாளா? அந்த நப்பாசைதான்.

“பூட்டு உடைஞ்சிருக்கா?”

“இல்ல. ஆனா எடுத்தவன் ஒண்ணு வச்சிட்டுப் போயிருக்கான்.”

எட்டிப் பார்த்தாள். குப்பிகள் இருந்த இடத்தில்...

எலுமிச்சம்பழம். குங்குமம் தடவியது!

“செய்வினையா மேடம்?” டாக்டருக்கு வியர்த்தது. எம்.டி. படித்த வியர்வை.

ஷோபனா குனிந்து பழத்தைப் பார்த்தாள். நேற்று அமாவாசை. ஸ்பெஷல் பஸ் பிடித்து மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்த ஒருத்தரை அவளுக்குத் தெரியும். விதை மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தூக்கினால்கூட அங்கே ஒரு பழம் வைக்கிறவர். எடுத்த இடம் காலியாக இருக்கக் கூடாது அவருக்கு.

“காலையில எங்கம்மாவை இங்க கூட்டிட்டு வந்தது யாரு?”

“உங்கப்பாதான். பாவம், வெயிலுக்கு இதமா இருக்குன்னு ஃப்ரிட்ஜ் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு.”

பழத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சிங்கவரத்துக் கொல்லையில் அப்பா உத்திராபதி களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“நைனா.”

திரும்பினார். மகளின் கையில் இருந்ததைப் பார்த்தார். எழுந்து, மண் ஒட்டிய இரண்டு கைகளையும் நீட்டினார்.

“வெலங்கு போடும்மா.”

“குப்பி எங்க?”

“கெணத்துல வீசிட்டேன்.”

“ஏன் நைனா? அம்மா தேற வேணாமா உனக்கு?”

“அம்மா எச்சிலையும் பொண்ணு எச்சிலையும் பக்கத்துல வச்சி ஒப்பிட்டுப் பாப்பாங்கன்னு டாக்டரு சொன்னாரு...”

“பாக்கட்டுமே. அந்த நோவு எனக்கும் வரும்னு தெரிஞ்சா தாங்க மாட்டேன்னு நெனச்சியா?”

“வராதும்மா.” கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. “உங்கம்மாகிட்டேர்ந்து உனக்கு எதுவும் வராது.”

“உனக்கு எப்டித் தெரியும்?”

அழுதார். நைனா அழுது அவள் பார்த்ததே இல்லை.

“எங்களுக்குப் பொறந்தது மாசம் திரும்பறதுக்குள்ள போயிடுச்சி. உங்கம்மா சோறு தண்ணி இல்லாம கெடந்தா. மலையனூருக்குக் கூட்டிட்டுப் போனேன். அமாவாசைக் கூட்டம் கலைஞ்ச பொறவு, மதிலாண்ட ஒரு கொழந்த அழுதுகிட்டுக் கெடந்துது. யாரும் தேடி வரல. உங்கம்மா தூக்குனா. அழுகை நின்னுச்சி. ரெண்டு பேருக்கும்.”

ஷோபனா வரப்பில் உட்கார்ந்தாள்.

“மலையனூர் ஆத்தா எடுத்த எடத்தக் காலியா வுடலன்னுவா உங்கம்மா. உனக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு கற்பூரத்த அணைச்சி சத்தியம் வாங்கினா. இப்ப அவளே மறந்துட்டா. நான் எப்டிம்மா மறப்பேன்?”

*எனக்கு ஏது பொண்ணு?*

நோய் பேசுகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்! சத்தியத்தை மறந்த அம்மா தினமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த நோய் தாய்வழியில் வராது. நல்ல சேதிதான். ஆனால் அவளுக்கு இனிக்கவில்லை. வந்தால் வரட்டும், அம்மா கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவளுக்கு இப்போது அதுவும் இல்லை.

“நைனா... மறுபடியும் துப்பச் சொன்னா இன்னா பண்ணுவ?”

உத்திராபதி விழித்தார். “மறுபடியும் துப்பலாமா?”

அழுகையோடு சிரித்துவிட்டாள். நீட்டிய கை நீட்டியபடி நின்றவரை அந்தக் கையைப் பிடித்தே வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

வாசலில் வேதநாயகி. சிவந்திருந்த கண்ணைப் பார்த்தாள்.

“ஏம்மா போலீசு... அழுதியா? சாப்டியா?”

“இல்லம்மா.”

“உள்ள வா. சோறு போடறேன்.” கிட்டே வந்து முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். “எனக்குத்தான் பொண்ணு இல்லியே... நீ வேணா இருந்துக்கறியா?”

ஷோபனா தலையை ஆட்டினாள்.

போன் அடித்தது. டாக்டர்.

“மேடம், திருடன் கிடைச்சானா?”

“இல்ல டாக்டர். இருந்த ஒரே சாட்சியும் எங்க வீட்ல சர்பத் ஆயிடுச்சு.”

“அப்ப, நீங்களும் அம்மாவும் மறுபடியும் எச்சில் தர வேண்டியிருக்குமே...”

“அம்மாவோடதை எடுத்துக்குங்க. என்னுது வேணாம்.”

“ஏன் மேடம்?”

சோற்றைப் பிசைந்து உருட்டி வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள் வேதநாயகி. ஷோபனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது டாக்டர். நான் அப்படியே எங்க நைனா ஜாடை!”