கடைசி ஆறு நிமிடங்கள்

ஆட்டம் முடிய ஆறு நிமிடங்கள் இருந்தபோது ஊர்ப் பள்ளியின் நாரை அணி பதினைந்து புள்ளிகள் முன்னால் இருந்தது. பார்வையாளர் வரிசையில் டெஸ்ஸாவின் அப்பா குஷியில், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பாப்கார்ன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆறு நிமிடங்கள் முடிந்தபோது நாரை அணி ஒரு புள்ளியில் தோற்றிருந்தது.

இந்தியானாவின் அந்தச் சிற்றூரில், உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் கூடைப்பந்து என்றால் கடைகளைக்கூட மூடிவிட்டு வருவார்கள். அன்று வந்தவர்கள் எல்லோருடைய கோபமும் நாரை அணியின் பிரென்னாமேல் திரும்பியது. மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தவள் அவள்தான். கடைசியில், யாரும் தடுக்காமல் எறியக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் தவறவிட்டவளும் அவள்தான்.

"அவளை வெளியே உட்கார வைங்க!" என்று அப்பா தொப்பியை வீசி எறிந்தார்.

"வீட்டுக்குப் போ!" என்று டெஸ்ஸாவும் கத்தினாள்.

பிரென்னா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் மதியம் டெஸ்ஸா பூங்கா வழியே போனபோது, பனியை ஒதுக்கிவிட்டு பிரென்னா தனியே ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தாள். டெஸ்ஸா தயங்கித் தயங்கி அருகில் போனாள்.

"அக்கா... நேத்து நானும் கத்தினேன். சாரி."

"தெரியும். உன் குரல் மட்டும் கீச்சுன்னு தனியாக் கேட்டுச்சு."

டெஸ்ஸாவின் காது சிவந்தது. "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

பிரென்னா பந்தைத் தட்டியபடி யோசித்தாள். "கத்தினதைக்கூடத் தாங்கிட்டேன். அதுக்கு முன்னாடி, எதிரணி புள்ளியில நெருங்கி வர ஆரம்பிச்சதும் நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க பாரு, அப்பதான் பந்து கைநழுவ ஆரம்பிச்சுது."

டெஸ்ஸா வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குப் போறோம்."

"நான் வரலை. இனிமே அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"கடைசி ஆறு நிமிஷம் நீங்க என்ன பண்ணீங்க?"

"கத்தினேன்! தொண்டை கிழியக் கத்தினேன்!"

"யாரைப் பார்த்துக் கத்தினீங்க?"

அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

"வெளியூர்லேர்ந்து வந்தவங்க நாப்பது பேர்தான். தோத்துக்கிட்டிருந்தப்பவும் கத்துறதை நிறுத்தவே இல்லை. நாம முந்நூறு பேர் இருந்தோம்பா. பிரென்னா அக்காவுக்கு முன்னாடி நாமதான் தோத்துப்போனோம்."

செவ்வாய் மாலை அரங்கில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. முணுமுணுத்துக்கொண்டே வந்த அப்பா டெஸ்ஸாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாரை அணி பன்னிரண்டு புள்ளிகள் முன்னால் இருந்தது. பிறகு ஏழு. பிறகு மூன்று. பிரென்னா பந்தைப் பறிகொடுத்தாள். அரங்கம் அடங்கிப்போனது.

டெஸ்ஸா எழுந்து நின்றாள். இருக்கை வரிசையின் மரப் படியைக் காலால் ஓங்கி மிதித்தாள். "நாரை! நாரை!"

"உட்காரு பாப்பா, மறைக்குது" என்றார் பின்னால் இருந்தவர்.

அவள் உட்காரவில்லை. அவள் குரல் மட்டும் ஒற்றையாக ஒலித்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது. இன்னும் பலமாக மிதித்தாள்.

திடீரென்று பக்கத்துப் படி அதிர்ந்தது. அப்பா! "நாரை! நாரை!"

"இப்ப சுத்தமா ஒண்ணும் தெரியலை" என்று முணுமுணுத்தபடி பின்னால் இருந்தவரும் எழுந்தார். வேறு வழியில்லாமல் அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படிகள் எல்லாம் இடியாய் இடித்தன.

புள்ளிகள் சமமாயின. இரண்டு நொடிகள் மிச்சம். பிரென்னாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

முதலாவது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. அப்பாவின் கை தொப்பிக்குப் போனது. டெஸ்ஸா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தாதீங்கப்பா!"

சத்தம் ஒரு துளியும் குறையவில்லை.

இரண்டாவது பந்து வலையில் சரேலென்று இறங்கியது. நாரை அணி வென்றது!

வியர்வை சொட்டச் சொட்ட பிரென்னா படிகளருகே ஓடி வந்தாள். "அடுத்த ஆட்டம் சனிக்கிழமை. நூத்திருபது மைல் போகணும். வருவியா?"

டெஸ்ஸா பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"