மாடு யாருடையது

"கணக்கெடுக்க வாறவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். அண்ணன் பக்கத்துல நின்னா போதும். வேற யாரும் வாயத் தெறக்க வேணாம்."

கஜன் இதை வாசலில் நின்று, பொதுவாகச் சொல்வதுபோல்தான் சொன்னான். 'வேற யாரும்' என்றால் யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவனுடைய அண்ணி குணேஸ்வரியின் கை சற்று நின்றது. பிறகு மாவின்மேல் மறுபடி இறங்கியது.

தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம் ஒன்றின் பழைய தொழிலாளர் லயம் அது. அடுத்தடுத்த இரண்டு காம்பராக்களில் அண்ணன் சிவமும் தம்பி கஜனும் குடியிருந்தார்கள். குணேஸ்வரி சிவத்தின் மனைவி. அவளுக்குப் பிள்ளை இல்லை. கஜனுக்கும் அவன் மனைவி மதுராவுக்கும் கிரிசாந் என்று ஒரு மகன். ஒரு காலத்தில் இரண்டு காம்பராவுக்கும் ஒரே அடுப்புதான் எரிந்தது. இப்போது குணேஸ்வரியின் கைபட்ட சோறு கஜனின் வீட்டுக்குள் போவதில்லை. அவள் கறக்கும் பாலும் போவதில்லை. வாசலுக்கு நேரே கொட்டிலில் கறவை மாடு நிற்க, மகனுக்குக் கடையில் பால்மா வாங்கிக்கொண்டிருந்தான் கஜன்.

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. ரப்பர் பால்வெட்டு இல்லாததால் ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். நாடு முழுக்க வீடு வீடாகப் போய், எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு காணி, எத்தனை மாடு, ஆடு, கோழி என்று பதிகிறார்களாம். கிராம சேவகர் கோயிலில் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து லயத்தில் அதே பேச்சு. பதிவில் பெயர் ஏறினவர்களுக்கே வீடு கட்டத் துண்டுக் காணி கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கஜன் அதை நம்பினான். பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் உழைத்தும் ஒரு சாண் இடம் தங்கள் பேரில் இல்லை என்ற எரிச்சல் அவனுக்குள் எப்போதும் இருந்தது.

கணக்கெடுக்க வந்தவள் நுஸ்ஹா என்ற இளம்பெண். தெஹியோவிட்டை பசாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. மழையில் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, வாங்கில் உட்கார்ந்து, கையிலிருந்த டெப் கணினியைத் திறந்தாள். ரெண்டு வீட்டையும் ஒன்றாகவே கேட்டு முடித்துக்கொள்கிறேன் என்றாள்.

காணியைப் பற்றிய கேள்விகள் சீக்கிரமே முடிந்தன. சொந்தக் காணி இல்லை. குத்தகைக் காணி இல்லை. இருக்கும் காம்பரா தோட்டத்துடையது. பின்னால் கீரை போட்டிருக்கும் மேடும் தோட்டத்துடையதே. இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்லக் கஜனின் குரல் தடித்துக்கொண்டே போனது. சிவம் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. மாடு எத்தின ஈக்குது?"

ஒன்று, என்றான் கஜன்.

"அது ஆர்ட மாடு? சொந்தக்காரர் ஆரெண்டு பதியணும்."

அந்த மாட்டை என்னுடையது என்று சொல்லக் கஜனுக்கு நாக்கு வரவில்லை. உள்பக்கம் தலையைச் சாய்த்து, "அதோ, அவங்களோடது. அந்த மாட்டுக்காக எம் பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தவங்க. அதையும் எழுதிக்குங்க" என்றான்.

நுஸ்ஹா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

கஜனும் மதுராவும் முதலில் பெற்றது ஒரு பெண்பிள்ளை. டிலுக்ஷி என்று பேர். ஆறு வருடத்துக்கு முன், ஆறு வயதில் போய்விட்டாள். கஜன் கட்டாரில் வேலைக்குப் போயிருந்த சமயம் அது. வைகாசி மாதம், விடாத மழை. ஒரு பிற்பகல் லயத்துக்குப் பின்னாலிருந்த மலை சரிந்து அந்தப் பக்கமிருந்த பழைய மாட்டுக் கொட்டிலின்மேல் விழுந்தது. சனங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது குணேஸ்வரி இடுப்புவரை சேற்றில் கிடந்தாள். அவளுடைய மணிக்கட்டில் மாட்டுக் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் மாடு உயிரோடு நின்றது. டிலுக்ஷியை அடுத்த நாள்தான் தோண்டி எடுத்தார்கள்.

பிறந்த வீட்டிலிருந்து சீதனமாக வந்த மாட்டைக் காப்பாற்றப் போனவள் பிள்ளையை விட்டுவிட்டாள் என்று லயம் பேசியது. கஜன் வந்து இறங்கியதும் அவன் காதில் விழுந்தது அதுதான். செத்த வீட்டிலேயே வைத்து, "பெத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் அண்ணி" என்றான். குணேஸ்வரி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததையே எல்லோரும் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பொய்யாகப் பதிந்தால் பிறகு யாருக்காவது வில்லங்கம் வரும் என்றுதான் அவள் அந்த நேரத்தில் நினைத்தாள். வேறெதையும் நினைக்கவில்லை.

"மாடு என்னோடது இல்லங்க. மதுராவோடது" என்றாள்.

கஜன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை அது. "யாரு, இவளா?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தான். மதுரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

குணேஸ்வரி நுஸ்ஹாவைப் பார்த்தே பதில் சொன்னாள். டிலுக்ஷி பிறந்தபோது கஜன் வெளியூர் வேலையில் இருந்தான்; மதுராவுக்குப் பால் போதவில்லை. அப்போதே மாட்டைப் பாப்பாவுக்கென்று மதுராவின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். புல் அறுப்பதும் கறப்பதும் தான் என்றாலும் மாடு அன்றிலிருந்து அவர்களுடையதுதான்.

கஜன் அண்ணனைப் பார்த்தான். சிவம் தயங்கித் தயங்கி, "குடுத்தது உண்மைதான். நான் இருந்தேன்" என்றான்.

கஜன் அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"அப்ப எந்த மாட்டுக்காக ஓடினீங்க அண்ணி?" கஜனின் குரல் இறங்கியிருந்தது. "உங்க மாடே இல்லன்னா... எதுக்கு அந்தக் கொட்டிலுக்குப் போனீங்க?"

குணேஸ்வரி உள்ளே போகத் திரும்பினாள். அவன் மறுபடியும் கேட்டான். அப்போதுதான் மதுரா நிலையை விட்டுவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா மாட்டுக்குப் போகல. நான்தான் பாப்பாவ அனுப்பினேன்."

சொல்லத் தொடங்கியபின் அவளால் நிறுத்த முடியவில்லை. அன்று கிரிசாந் வயிற்றில் நிறைமாதம். படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மலைப்பக்கம் கல் உருளும் சத்தம் கேட்டது. மாடு கட்டியபடி நிற்கிறதே, ஓடிப்போய் அவிழ்த்துவிட்டு வா என்று பிள்ளையிடம் சொன்னாள். பிள்ளைக்கு அது தன் மாடு. சொன்னதும் மழையில் ஓடினாள். மண் விழுந்த சத்தத்தோடு மதுராவுக்கு வலி கண்டது. இரவு ஆஸ்பத்திரியில் கிரிசாந் பிறந்தான். சொல்லலாம் என்று நினைக்கும்போதெல்லாம் கஜனின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு பழி அக்காமேல் போய் நின்றது. அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவளுக்குத் துணிவு வரவில்லை.

"அக்காவுக்கு இது தெரியாது. தண்ணி புடிக்கிற பீலியடியிலருந்து பிள்ளையப் பாத்துட்டு ஓடியிருப்பாங்க. தெரிஞ்சிருந்தா இத்தன வருசம் என்னச் சும்மா விட்டிருப்பாங்களா..."

"தெரியும்" என்றாள் குணேஸ்வரி.

மதுரா தலையைத் தூக்கினாள்.

"பாப்பாவே சொன்னா. ஏண்டி இங்க வந்தேன்னு ஏசினேன். அம்மாதான் அவுக்கச் சொன்னாங்க பெரியம்மான்னா. அதுக்குள்ள மேல மண்ணு வந்திருச்சு. ஒரு கையில அவளப் புடிச்சேன். மத்தக் கையில கயிறு சிக்கிக்கிச்சு. மாடு வெளிய இழுத்துச்சு, மண்ணு உள்ள இழுத்துச்சு..." அவள் தன் வலது கையைப் பார்த்தாள். "பிள்ளையோட கை ஈரமா இருந்துச்சு."

அந்தக் கையை மறுபடியும் சேலையில் துடைத்தாள்.

"தெரிஞ்சுமா அக்கா... தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"நீ பச்ச ஒடம்புக்காரியா கெடந்த. சொல்லியிருந்தா நீ உசுரோட இருந்திருக்க மாட்ட. போன பிள்ள வரப்போறதில்ல. பொறந்தவனுக்கு ஆத்தா வேணும்ல."

மதுரா தவழ்ந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். குணேஸ்வரியும் குனிந்து அவளை அணைத்துக்கொண்டாள். இத்தனை வருடமாக வராத அழுகை அவளுக்கும் அப்போது வந்தது. கஜன் சுவரோடு சுவராக நின்றான். பிறகு வந்து அண்ணியின் காலடியில் விழுந்தான். தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் மன்னிப்புக்கூடக் கேட்கத் தெரியாமல் கிடந்தான். அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"தம்பி, அவள ஒன்னும் சொல்லக் கூடாது. நான் இவ்வளவும் பொறுத்தது அதுக்காகத்தான்" என்றாள். அவன் தலையாட்டினான்.

நுஸ்ஹா கண்களைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தாள். குணேஸ்வரி அவளை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, மதுராவின் பேரிலேயே மாட்டைப் பதிய வைத்து அனுப்பினாள்.

அன்று பகல் கஜனின் வீட்டில் அவளை உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். கிரிசாந் பெரியம்மாவின் பக்கத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் நன்றாகவே சாப்பிட்டாள். பிறகு தன் காம்பராவுக்கு வந்து நாலைந்து சேலைகளை மடித்து ஒரு பையில் வைத்தாள்.

சிவம் வந்து நின்றான். எங்கே போகிறாய் என்று கேட்டான். யட்டியாந்தோட்டைக்கு, தங்கச்சி வீட்டுக்கு என்றாள்.

"இப்பத்தானே எல்லாம் சரியாச்சு குணேசு. இப்ப எதுக்குப் போற?"

"முன்னமே போயிருந்தா, குத்தம் செஞ்சவ ஓடிட்டான்னு சொல்லியிருப்பாங்க. அதுக்காகத்தான் இருந்தேன்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே" என்றான் சிவம்.

"தம்பி அப்ப ஊர்லயே இல்ல. அவரு நம்பினதுல ஞாயம் இருக்கு. நீங்க இங்க இருந்தீங்க. மாட்ட நான் குடுத்ததையும் பாத்தீங்க. ஏன் போன, என்ன நடந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவள் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

கஜன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுவரை வந்தான். மதுரா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். திரும்பி வருவீர்களா என்று வழியெல்லாம் கேட்டாள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கிரிசாந்தைக் கூட்டிக்கொண்டு நீ வா என்றுதான் குணேஸ்வரி சொன்னாள்.

அந்த வழியாகப் போகும் ஹட்டன் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிவம் நிற்பதைக் கண்டாள். மழையில் குடையில்லாமல் இறங்கி வந்திருந்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல் கையைத் தூக்கினான். அவள் அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து நின்ற கண்டக்டரின் பக்கம் திரும்பி, "யட்டியாந்தோட்டைக்கு ஒன்னு" என்றாள்.